நீலச் சட்டைக்கு விலை என்ன?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிலில் வெற்றி பெறுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு சின்ன அச்சக முதலாளி. என்னைப் பற்றி என்ன பேசறது? அதனால் ஒரு பெரிய முதலாளியின் கதையைச் சொல்கிறேன். கடைசியில் என் கதையும் அதிலே வந்து சேரும்.

மலேசியாவில் பத்து பகாட் என்ற ஊரில் 1952-ல் பிறந்தவர் வின்சென்ட் டான். வங்கி குமாஸ்தாவாக இருந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்தார். 1980-களில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1985-ல் அரசு வசமிருந்த ஸ்போர்ட்ஸ் டோட்டோ லாட்டரி நிறுவனம் தனியார்மயமானபோது அது அவர் கைக்கு வந்தது. பெர்ஜயா குழுமம் வளர்ந்தது.

2010-ல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டி கால்பந்துக் கழகத்தில் பணம் போட்டார். வரி பாக்கிக்காகக் கோர்ட்டு வரை இழுக்கப்பட்ட கழகம் அது. பின்னர் போஸ்னியாவில் சரயேவோ, பெல்ஜியத்தில் கோர்ட்ரைக் என்று மேலும் கழகங்களை வாங்கினார்.

கார்டிஃப் 1899-ல் தோன்றிய கழகம். ஆர்சனலை வென்று 1927-ல் எஃப்.ஏ. கோப்பையை இங்கிலாந்துக்கு வெளியே எடுத்துச் சென்ற ஒரே கழகம். சட்டை நீலம்; செல்லப் பெயர் 'நீலப் பறவைகள்'. 2012-ல் டான் அந்தச் சட்டையைச் சிவப்பாக்கினார். சிவப்பு ராசியான நிறமாம், ஆசியாவில் எடுபடுமாம்!

அடுத்த வருஷமே, 2013-ல், 51 ஆண்டுகளுக்குப் பிறகு அணி முதல் பிரிவுக்கு ஏறியது. ஜெயித்தாயிற்றே, இனி என்ன குறை என்கிறீர்களா? ஜெயித்த பிறகும் ரசிகர்கள் நீலத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 2014-ல் கடைசி இடம் பிடித்து அணி கீழே இறங்கியது. 2015 ஜனவரியில் டான் நீலத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒற்றுமையும் மகிழ்ச்சியும் முக்கியம் என்று தன் தாயார் எடுத்துச் சொன்னதையும் அப்போது குறிப்பிட்டார். அம்மா சொன்னால் கோடீஸ்வரனும் கேட்கத்தானே வேண்டும்!

பி.காம். வகுப்பில் நாம் ஐந்தொகை போட்டோமே, ஞாபகம் இருக்கா? மைதானம், ஆட்டக்காரர் ஒப்பந்தம், கடன், எல்லாம் அதில் ஏறும். 'நற்பெயர்' என்று ஒரு வரியும் உண்டு. ஆனால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீலச் சட்டையில் ஆட்டம் பார்க்கப் போன பிள்ளையின் நினைவை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அதை டான் வாங்கவில்லை. அது விற்பனைக்கே வரவில்லை.

இப்போ என் கதை. நொடித்துப்போன ஒரு பழைய அச்சகத்தை வாங்கினேன். முதல் வேலையாக அதன் பெயர்ப் பலகையை இறக்கி என் பெயரை மாட்டினேன். முப்பது வருஷம் அங்கே அச்சு கோத்த பெரியவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. ஆறு மாதம் கழித்துப் பழைய பலகையைத் தேடி எடுத்து மாட்டினேன். வாடிக்கைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அவர் வரலை.

டானுக்குச் சட்டையைத் திருப்பித் தர வாய்ப்புக் கிடைத்தது. எனக்குப் பாதிதான் கிடைத்தது.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்களும் எதையாவது வாங்குவீர்கள். இந்தக் கல்லூரிக்கே கட்டடம்கூடக் கட்டித் தருவீர்கள். பணம் போடுங்கள், கணக்குக் கேளுங்கள். ஆனால் பலகையில் கை வைக்கும் முன்னால், அதன் கீழே யார் நிற்கிறார் என்று ஒரு தடவை பாருங்கள்.