பதிவு காக்கும் இரட்டை வழி

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. நாம் இன்று, கற்ற கல்விக்குச் சான்றாகும் பதிவுகள் எங்கே, எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதையும், அங்கே நம் பிள்ளைகள் கற்கத்தக்க ஒரு தொழிலையும் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நம் மாவட்டத்தை மூழ்கடித்த பெருமழையை எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. வீடுகளில் புகுந்த வெள்ளம் பாத்திரம் பண்டங்களோடு சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்தே பாழாக்கிற்று. உப்பளத்தில் வெயில் தின்றும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பத்திற்கு அத்தாள்களே சொத்து. நிலம் உடையவர்க்குப் பட்டா எப்படியோ, நமக்கு அவை அப்படி. இழந்த சான்றுகளை மீண்டும் வழங்க அரசு முகாம்கள் நடத்தியது. தாள் போன பின்னும் சான்று எவ்வாறு கிடைத்தது? அதன் பதிவு வேறோரிடத்தில் இருந்தமையால் அன்றோ!

இந்நாளில் பதிவுகள் கணினியில் ஏறித் தரவு மையங்களில் தங்குகின்றன. சென்னைப் பெருங்குடியில் எல்காட் நிறுவனம் நடத்தும் மாநிலத் தரவு மையம் அத்தகையது. இவ்வகை மையங்களில் ரேக் எனப்படும் உயர்ந்த இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் தலைமைப் பெட்டி ஒன்று உண்டு. அதனுள் இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகள் இருக்கும். இடம் போதாதபோது, வன்தட்டுகள் நிறைந்த விரிவாக்கப் பெட்டிகளை அதனோடு கேபிளால் கோத்துக்கொண்டே போவர்.

கோக்கும் முறையிலேதான் நுட்பம் உள்ளது. மூன்று விரிவாக்கப் பெட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். முதற் கருவியின் கேபிள் முதற் பெட்டிக்கும், அங்கிருந்து இரண்டாவதற்கும், பின் மூன்றாவதற்கும் செல்கிறது. இவ்வழி ஒன்றே இருப்பின், நடுப்பெட்டி செயலிழந்த கணமே மூன்றாவது பெட்டியும் துண்டிக்கப்படும். குற்றம் நடுவில் இருக்க, தண்டனை கடைசியில் இருப்பதற்கு! ஆகவே இரண்டாவது கருவியின் கேபிளை நேர்மாறாக, மூன்றாவது பெட்டியில் தொடங்கி முதற் பெட்டிக்குக் கொண்டுவருவர். இப்போது நடுப்பெட்டி நின்றாலும் முதலாவது மேல் வழியாகவும், மூன்றாவது கீழ் வழியாகவும் தொடர்பில் இருக்கும். இரண்டு கேபிள்களையும் மேலிருந்தே தொடங்கினால், கேபிள் இரண்டாயினும் நடுப்பெட்டி நிற்கையில் மூன்றாவதற்குக் காப்பு இல்லை.

இவ்வேலைக்கு வேண்டுவது ஒழுங்கு. கேபிளின் இரு முனையிலும் ஒரே அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டும். கூர்மையாக மடக்கலாகாது. முனை ‘கிளிக்’ என்று பொருந்தியபின் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் உலோகம் என்னவாகும் என்பதை நம் ஊராருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே முனையின் மூடியைப் பொருத்தும் வேளையில்தான் கழற்ற வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சாரமும் இரு தனித்தனி வழிகளில் வர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் புதுப் பெட்டி சேர்க்கையில் ஒரு வழியை மட்டும் மாற்றி, அது சீராயிற்று என உறுதி செய்த பின்னரே மறு வழியைத் தொட வேண்டும். இத்தனைக்குப் பின்னும், தவறுதலாக அழிக்கப்பட்டதைக் கேபிள் மீட்டுத் தராது. அதற்கு வேறோர் ஊரில் நகல் வேண்டும்.

1961 வரை இக்கடலில் முத்துக் குளித்தோர், மேலே கயிறு பிடிப்பவரை நம்பியே மூச்சடக்கி இறங்கினர். இன்று பதிவுகளின் கயிற்றைப் பிடிப்பவர் இக்கேபிள் பணியாளர். அப்பணிக்கு நம் பிள்ளைகளும் செல்ல வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி வன்பொருள், வலையமைப்புப் பராமரிப்புப் பயிற்சி உண்டு; பாலிடெக்னிக்கிலும் வழி உண்டு. கேபிளுக்குக் குலம் தெரியாது. பொருத்தியது சரியா, தவறா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் உதவிகளும் பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே செல்கின்றன. பேருந்து நிற்கும் தெருவில் இருப்பவருக்கு முதலில் செய்தி எட்டுகிறது; நடுவில் ஒருவர் சொல்ல மறந்தால் கடைக்கோடிக் குடிசையின் பெண்பிள்ளைக்கு உதவித்தொகையின் கடைசி நாள் கடந்துவிடுகிறது. ஆகவே இனி வரும் ஆண்டுகளில், கடைசி வீட்டிலிருந்து தொடங்கும் இரண்டாவது வழி ஒன்றையும் அமைப்போமாக. ஒவ்வொரு பிள்ளையின் சான்றிதழுக்கும் நகல் எடுத்து, வீட்டில் ஒன்றும் சங்கத்தில் ஒன்றுமாக வைப்போமாக. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய அண்ணல் அம்பேத்கருக்கு நாம் செலுத்தும் நன்றி, ஒரு பிள்ளையும் துண்டிக்கப்படாமல் காப்பதே.