சளியும் இழுப்பும்



மலையடிவார ஊர்களான இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் ஐப்பசி அடைமழை தொடங்கியதும் வீடுதோறும் சளியும் இருமலும் நுழைகின்றன. பிறர்க்கு அது ஒரு வாரத் துன்பம். ஆஸ்துமா உடையோர்க்கோ அதுவே இழுப்பின் தலைவாயில். பஞ்சுத் தூசியும் அடுப்புப் புகையும் இழுப்பைத் தூண்டும் என்பதை நூற்பாலைகள் நிறைந்த இவ்வூர்களில் அறியாதார் இலர். சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸின் வலிமையைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகின்றனர்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பகுதியில் 9 முதல் 11 வயதுச் சிறாரிடம் செய்த ஆய்வு 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்களுக்கு இரைப்பு மிகுந்த வேளைகளில் 80 முதல் 85 விழுக்காட்டில் வைரஸ் காணப்பட்டது. அவற்றுள் முதன்மையானது ரைனோ வைரஸ்.

காரணம் யாது? ஆஸ்துமா உடையவரின் மூச்சுக்குழல், அவர் நலமாய்த் தோன்றும் நாளிலும் நீறுபூத்த நெருப்பாக உள்ளே அழற்சி கொண்டிருக்கும். வைரஸ் தாக்கியதும் உட்சுவர் வீங்குகிறது, சளி திரள்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, காற்றுவழி குறுகுகிறது.

அந்நெருப்பைத் தணிப்பதே நாள்தோறும் உறிஞ்சும் ஸ்டீராய்டு இன்ஹேலரின் பணி. சால்பியூட்டமால் இறுகிய தசையை உடனே தளர்த்தும். ஆனால் அழற்சியை ஆற்றாது. ஆகவேதான் ஜினா என்னும் பன்னாட்டு ஆஸ்துமா அமைப்பு, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்பியூட்டமாலை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது என 2019இல் அறிவுறுத்தியது.

“இன்ஹேலர் பழகிவிடும்” என்றஞ்சி, சற்று நலம் கண்டதும் அதனை நிறுத்திவிடுவோர் உளர். அடுத்த சளி வரும்போது அவர்தம் மூச்சுக்குழல் காவலற்ற கோட்டையாகிறது. இன்ஹேலர் அடிமைப்படுத்தும் மருந்தன்று. மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கினது. நேரே மூச்சுக்குழலைச் சேர்வது. உறிஞ்சியபின் வாய் கொப்பளித்தல் வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொற்படியே நிகழவேண்டும்.

ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை அழிக்காது. சளியுற்றோர் முகக்கவசம் அணிதலும், யாவரும் கைகழுவுதலும், மருத்துவரைக் கேட்டு ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி இடுதலும் பயன்தரும்.

ஒரு தொடரை முழுதும் பேச இயலாமை, விலாவெலும்பிடை உள்வாங்குதல், உதடு நீலமாதல், உறிஞ்சியும் இழுப்பு அடங்காமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைத்தல் வேண்டும்.

மழை வருமுன் கூரையைச் செப்பனிடுவோர், சளி வருமுன் மூச்சையும் காத்துக்கொள்வாராக.