கூழும் கணினியும்
(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஒரே வீட்டிலே தகப்பனார்க்கு நீரிழிவு. அப்பாச்சியார்க்குச் சைவ உணவு. பிள்ளைக்கு எள் ஒவ்வாது. அடுப்போ ஒன்று. இவர்களுக்கு ஏற்றவாறு ஒரு சமையற் குறிப்பை மாற்றித்தரும் சிறு நிரலொன்றைக் கணினிக்கு எழுதலாமா? எழுதலாம். விலக்கவேண்டிய பொருள்களுக்கு ஒரு பட்டியல், அவற்றிற்கு ஈடான பொருள்களுக்கு ஒரு பட்டியல், இவ்விரண்டும் போதும் என்று பலர் எண்ணுவர். போதா என்பதே இன்று நான் கூற விரும்புவது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே ஆய்வு செய்த கிறிஸ்டியன் ஹமண்ட் என்பார், 1986இல் ‘செஃப்’ என்னும் நிரலை விளக்கினார். பழைய சீன உணவுக் குறிப்பை மாற்றிப் புதியதொன்றை ஆக்குவது அதன் வேலை. இறைச்சியும் போஞ்சியும் சேர்ந்த கறியிலே, போஞ்சிக்குப் பதிலாக அது புறொக்கோலியை இட்டது. இறைச்சியிலிருந்து வடியும் நீரிலே புறொக்கோலி மொறுமொறுப்பிழந்து நொந்துபோகும். எனவே அதனைத் தனியே வதக்கும்படி நிரல் தன் குறிப்பைத் திருத்திக்கொண்டது. பொருள் மாறினால் செய்முறையும் மாறவேண்டும் என்பது இதிலுள்ள பாடம்.

நமது ஒடியற் கூழை எடுத்துக்கொள்வோம். மீனையும் நண்டையும் நீக்கினால் சுவை வேறுபடுமேயன்றிக் கூழ் கூழாகவே இருக்கும். பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் கைகொடுக்கும். ஒடியல் மாவை நீக்கினாலோ தடிப்பே போய்விடும். அதற்கீடாக அரிசிமாவை இட்டால், ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துக் கைப்பை இறுக்கும் வேலை வேண்டியதில்லை. ஆகவே தடிப்பாக்குவது, புளிப்பூட்டுவது, உறைப்பூட்டுவது என ஒவ்வொரு பொருளின் தொழிலையும் அதன் பக்கத்திலே எழுதுதல் வேண்டும்.

சொற்களும் ஏமாற்றும். ‘எள்’ என்ற சொல்லை மட்டும் தேடும் நிரல் நல்லெண்ணெயைக் கவனியாது விட்டுவிடும். பசுப்பால் ஒவ்வாதவருக்காகப் ‘பால்’ என்று தேடினால், ஒரு குற்றமுமற்ற தேங்காய்ப்பாலையும் தள்ளிவிடும். பின்னதால் ஒருவேளை உணவின் சுவையே கெடும்; முன்னதால் ஒரு பிள்ளையின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நீரிழிவுக்காரருக்குச் சீனிக்குப் பதில் பனங்கட்டி என்று எழுதிவிடுவது எளிது. பனங்கட்டியிலும் பெரும்பகுதி சீனியே. உப்புக்கு மாற்றாக விற்கப்படும் சிலவற்றிலே பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளருக்கு அது தீங்கு செய்யலாம். ஆதலின், அறியாத இடத்திலே ஊகித்துக் கூறாது, “தெரியாது, வைத்தியரைக் கேளுங்கள்” என்று நிற்கும் நிரலே நம்பத்தக்கது.

இளைஞர்களே! நிரல் எழுதும் கல்வி நமக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு வேண்டிய அறிவோ நம் தாய்மாரின் கைகளிலே இருக்கிறது. குறிப்பேட்டுடன் அடுக்களைக்குச் செல்வோம். “இது எதற்காக, அம்மா? இது இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு எழுதுவோம். கணினியின் முன் அமர்வது அதன் பிறகு ஆகட்டும்.