வீட்டுக்கு ஒரு கதைப் புத்தகம்



போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. அங்கே மாநில நூலகம் இருக்கிறது. தமிழ்ப் புத்தகங்கள் எங்கே என்று கேளுங்கள். அலமாரியைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள. ஐந்து வார்த்தைக்கு மேல் தடுமாறினால் திரும்ப வைத்துவிடுங்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நல்ல கதைதான். ஆனால் ஐந்து பாகம்! பிறகு பார்க்கலாம்.

கி. ராஜநாராயணன் திரட்டிய நாட்டுப்புறக் கதைகள் சின்னவை. பேசுவது போலவே இருக்கும். அவற்றில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்றே ஒரு புத்தகம் உண்டு. அதைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்!

பிள்ளைகளுக்கு வாண்டுமாமா கதைகள். பெரியவர்கள் அதை எடுத்தால் என்ன வெட்கம்? அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம் படிக்கலாம். பாட்டி கேட்கட்டும்.