இல்லமே முதற் கல்விச்சாலை

ஊர் வரலாற்றைப் பள்ளியே கற்பிக்கட்டும் என்று நாம் வாளா இருந்துவிடுகின்றோம். பாடநூல் நாட்டின் வரலாற்றைக் கூறும். நம் ஊரின் வரலாற்றை நாமன்றோ பிள்ளைகட்குக் கூறவேண்டும்?

தஞ்சைப் பெரிய கோயிலை எண்ணிப் பாருங்கள். முதலாம் இராசராச சோழன் எடுப்பித்து, 1010-ஆம் ஆண்டில் கலசம் ஏற்றிய திருக்கோயில் அது. அதன் கல்வெட்டுக்களில் மன்னன் கொடையோடு தமக்கையார் குந்தவையார் கொடையும், பிறர் கொடையும் உள்ளன. திருப்பதிகம் விண்ணப்பிக்க அமர்த்திய 48 பேரும், தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் பெயரோடு பொறிக்கப்பெற்றுள்ளனர். அப்பெண்டுகளின் தெருவும் வீட்டு வரிசையுங்கூட அங்கே உண்டு. தொண்டு செய்தாரைப் பெயர்சொல்லிப் போற்றுவதே நம் பண்பாடு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆதலால், விடுமுறை நாளில் பிள்ளையைக் கைபற்றி அழைத்துச் சென்று, நம்மூர்க் கோயிற் சுவரில் ஓர் எழுத்தையேனும் காட்டுவோம். பாட்டனார் கண்ட திருவிழாக்களைக் கேட்டு, குறிப்பேட்டில் எழுதச் செய்வோம். கல்லெழுத்தின் அருமை அறியாதாரே திருப்பணி என்னும் பெயரால் அதன்மேல் சுண்ணாம்பு பூசினர். அறிந்த பிள்ளையோ நாளை அதனைத் தடுத்துக் காக்கும். அதற்குத் திருவருள் துணைநிற்பதாக!