கூடத்துக்கு ஒரு பெரிய விரிப்பு



வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூச வேண்டுமென்றால் நாம் பத்துப் பேரிடம் யோசனை கேட்கிறோம். கதிரை வாங்கப் போனால் உட்கார்ந்து பார்த்தே வாங்குகிறோம். தரைக்கு விரிப்பு வாங்கும்போது மாத்திரம், கடைக்காரர் விரித்துக் காட்டியவற்றுள் எது நிறத்தாற் கண்ணைக் கவர்ந்ததோ அதைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். வீட்டிலே விரித்த பின்னர்தான் சங்கடம் தெரிகிறது. குளத்து நடுவில் மிதக்கும் ஒற்றைத் தாமரையிலை போல, கூடத்தின் நடுவே அது தனித்துக் கிடக்கிறது. அதன் மேல் உட்காரவும் இயலாது. அதைத் தாண்டாமல் நடக்கவும் இயலாது.

இதற்குக் காரணம் ஒன்றே. விரிப்பைத் தரைக்கு அணியும் ஆபரணமாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது மனிதர் கூடும் இடம். விருந்தினர் வந்தால் பாயை விரித்து ‘இருங்கள்’ என்று சொன்ன பரம்பரை நம்முடையது. ஆகவே விரிப்பைத் தெரிவு செய்யும்போது முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் அதன் மேல் இருக்கப்போகும் மனிதர்கள். நிறமும் பூவேலையும் பிறகு வரட்டும்.

முதலாவது, அளவு. கூடத்திலே நாலைந்து கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதிரைகள் அனைத்தினதும் முன்கால்களாவது விரிப்பின்மேல் ஊன்றி நிற்க வேண்டும். அப்பொழுதுதான் அங்கே இருப்பவர்கள் ஒரே சபையினராகத் தோன்றுவார்கள். விரிப்புக்கும் சுவருக்குமிடையே ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை வெறுந்தரை தெரிதல் நல்லது. இக்கணக்கின்படி 12 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள அறைக்கு, 9 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட விரிப்புப் பொருத்தமானது. சிறிய விரிப்பு அறையைப் பெரிதாகக் காட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தரையைத் துண்டுபடுத்தி, அறையை மேலும் குறுகியதாகவே காட்டும்.

ஆனால் பணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டுமல்லவா? ஆறுக்கு ஒன்பது அடி விரிப்பின் பரப்பு 54 சதுர அடி. ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி விரிப்பின் பரப்பு 108 சதுர அடி. பார்வைக்குச் சிறிது பெரிதாகத் தோன்றுவது, கணக்கில் இரண்டு மடங்கு. விலையும் ஏறத்தாழ அவ்வாறே ஏறும். ஆகையால், கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். அதற்கு அலுமாரியிலுள்ள சேலைகளே போதும். ஆறு யார் சேலையை நீளவாக்கிற் பாதியாக மடித்தால் 9 அடி நீளம் வரும். அகலம் நாலடிக்குச் சற்றுக் குறைவு. அவ்வாறு மடித்த மூன்று சேலைகளைப் பக்கம் பக்கமாக விரித்தால், ஏறக்குறைய ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி விரிப்பு உங்கள் கண்முன்னே கிடக்கும். அதைச் சுற்றிக் கதிரைகளைப் போட்டுப் பாருங்கள். கதவைத் திறந்து, அதன் அடிப்புறத்துக்கும் தரைக்குமிடையே எவ்வளவு இடைவெளி உண்டு என்பதையும் அளந்து கொள்ளுங்கள். தடித்த கம்பளம் வாங்கிய பின்னர் கதவைச் சீவுவதிலும், முன்னரே அளப்பது எளிது.

உணவு மேசையின் கீழ் விரிப்பதாயின், மேசை விளிம்பிலிருந்து நாற்புறமும் இரண்டடி கூடுதலாக இருத்தல் வேண்டும். உண்பவர் எழும்போது கதிரையைப் பின்னே தள்ளுவார். அதன் பின்கால்கள் விரிப்பை விட்டு இறங்கினால், மீண்டும் முன்னே இழுக்கையில் விளிம்பிலே தட்டும். ஆறடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள மேசைக்குப் பத்தடி நீளமும் ஏழரை அடி அகலமும் தேவை. நடுவிலே பெரும் பதக்கம் போன்ற சித்திரம் உள்ள கம்பளம் இங்கே வேண்டாம். மேசை அதை மறைத்துவிடும். பரப்பெங்கும் ஒரே வகையிற் படர்ந்த கோலமே ஏற்றது.

அடுத்தது, எதனால் ஆன விரிப்பு என்பது. மயிர்க்கம்பளம் பிறந்தது குளிர் நாட்டில். இன்று கிடைத்துள்ள முடிச்சுக் கம்பளங்களுள் மிகப் பழையது, சைபீரியாவின் அல்தாய் மலைப் பிரதேசத்துக் கல்லறை ஒன்றில் 1949ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. கல்லறைக்குள் உறைந்த பனிக்கட்டியே அதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துத் தந்தது. குளிரும் வறட்சியும் உள்ள நாடுகளில் ஆட்டுமயிர்க் கம்பளம் காலுக்குச் சுகம். நம்முடைய ஈரலிப்பான காற்றிலோ அது பூஞ்சணத்துக்கும் அந்துப்பூச்சிக்கும் இரையாகும். தடித்த மயிரினுள்ளே தூசும், கண்ணுக்குப் புலப்படாத தூசுப் பேன்களும் தங்கும். இழுப்பு நோயுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இது சிறிய விடயமன்று. அத்தகைய வீட்டுக்கு, எடுத்து உதறவும் தோய்க்கவும் கூடிய தட்டை நெசவுப் பருத்தி விரிப்பே தக்கது. காவிரியும் பவானியும் கூடும் பவானி நகரில் நெய்யப்படும் பட்டைக்கரை ஜமக்காளம் இவ்வகையைச் சேர்ந்தது.

பாய்களையும் மறந்துவிடலாகாது. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த பத்தமடைப் பாயும், நம் வடபகுதிப் பனையோலைப் பாயும், கிழக்கிலங்கைப் பன்பாயும் வெப்பநாட்டின் அறிவிலே விளைந்தவை. கண்டிப் பகுதியில் ‘ஹண’ என்னும் செடியின் நாரால் நெய்யப்படும் தும்பறைப் பாயின் கைவினையை, 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. பெரிய கூடத்தில் ஒரே நிறப் பாயை அகல விரித்து, அதன்மேற் சிறிய வர்ண விரிப்பொன்றை இடுவது செலவையும் குறைக்கும், அழகையும் கூட்டும். சணல் விரிப்பு வாங்குவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நீர் பட்டாற் சணல் கறைபிடித்து வலுவிழக்கும். வாயிற்புறத்துக்குத் தென்னந்தும்பே உகந்தது.

இனி நிறத்துக்கு வருவோம். திரைச்சீலையிலும் மெத்தையுறையிலும் பூக்கள் நிறைந்திருந்தால், தரை அமைதியாக இருக்கட்டும். சுவரும் தளபாடமும் எளிமையாக இருந்தால், தரை பேசட்டும். கம்பளத்தின் மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், ஓர் அந்தத்திலிருந்து பார்க்கக் கருமையாகவும் மறு அந்தத்திலிருந்து பார்க்க வெளிறியும் தோன்றும். ஆகவே இரு புறமும் சென்று பார்த்தே தீர்மானியுங்கள். கடை விளக்கின் ஒளியை நம்பாது, பகல் வெளிச்சத்திலும் காண்பது அவசியம்.

வெயில் நிறத்தைத் தின்னும். பாரசீகத்தில் 1539-40ஆம் ஆண்டளவில் நெய்து முடிக்கப்பட்ட புகழ்பெற்ற ஆர்தபீல் கம்பளம் இலண்டன் விக்டோரியா ஆல்பேட் நூதனசாலையில் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய பத்தரை மீற்றர். அதன் நிறம் மங்காதிருக்க, அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மாத்திரமே அதன்மீது ஒளி பாய்ச்சும் வழக்கத்தை அந்நூதனசாலை ஏற்படுத்தியது. நம் வீட்டில் அவ்வளவு காவல் இயலாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாறித் திருப்பிப் போட்டால், வெயிலும் தேய்வும் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்.

கைமுடிச்சுக் கம்பளம் என்று சொல்லி அதிக விலை கேட்டால், புரட்டிப் பாருங்கள். உண்மையான கைமுடிச்சாயின், முன்பக்கத்துக் கோலம் முடிச்சு முடிச்சாகப் பின்பக்கத்திலும் தெரியும். ஓரக் குஞ்சங்கள் பாவு நூலின் தொடர்ச்சியாகவே இருக்கும். பின்னர் தைத்தவையாக இரா. பின்புறம் துணி ஒட்டியிருந்தால், அது கைமுடிச்சன்று.

புரட்டிப் பார்க்கையில், அந்த முடிச்சுகளை இட்ட விரல்கள் யாருடையவை என்றும் கேட்க வேண்டும். பாகிஸ்தானைச் சேர்ந்த இக்பால் மசீஹ் என்னும் சிறுவன், குடும்பம் வாங்கிய கடனுக்காக நான்கு வயதிலேயே கம்பளத் தறியிற் கட்டுண்டான். பின்னர் அதிலிருந்து விடுபட்டு, தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காகக் குரல் கொடுத்தான். 1995ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதளவிற் சுட்டுக் கொல்லப்பட்டான். குழந்தைத் தொழிலின்றி நெய்த கம்பளங்களை அடையாளங் காட்டுதற்காக, இந்தியாவின் கைலாஷ் சத்தியார்த்தி முன்னின்று 1994ஆம் ஆண்டில் ரக்மார்க் என்னும் முத்திரையைத் தொடங்கினார். அது இன்று குட்வீவ் என்ற பெயரில் வழங்குகிறது. சத்தியார்த்திக்கு 2014ஆம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. இலக்கமிட்ட அந்த முத்திரை உண்டா என்று கடையிற் கேட்பதற்கு நமக்குச் செலவு எதுவுமில்லை. நம் பிள்ளைகள் உருண்டு விளையாடும் விரிப்பு, வேறொரு பிள்ளையின் விளையாட்டைப் பறித்து நெய்ததாக இருக்கலாகாது.

இறுதியாக, வீட்டிலுள்ள முதியோரை எண்ணிக்கொள்ளுங்கள். மினுக்கிய சீமெந்துத் தரையில் வழுகும் விரிப்பும், மேலெழுந்து மடிந்த மூலையும் முதுமையில் இடுப்பெலும்பை முறித்துவிடக் கூடியவை. விரிப்பின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளடங்கிய வழுக்காத றப்பர் வலையொன்றை அடியிலே இடுங்கள். மூலைகள் தரையோடு படிந்திருக்கின்றனவா என்று அடிக்கடி கவனியுங்கள்.

ஆகவே நேயர்களே, அளவுநாடாவை முதலிலும் பணப்பையை இறுதியிலும் எடுங்கள். யார் இருப்பார்கள், எப்படி இருப்பார்கள், எவர் மூச்சுக்கு ஊறு வரும், எவர் கால் இடறும், எவர் கை நெய்தது என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பின்னர் நிறத்தைத் தேடுங்கள். அவ்வாறு தேர்ந்த விரிப்பு, பாரசீகக் கம்பளமானாலும் பனையோலைப் பாயானாலும், வந்தவரை இருக்கச் சொல்லும். இருந்தவரை ஒன்றாக வைத்திருக்கும்.