படம் எடுக்கப் புறப்படுமுன்



மொழி மன்றத்தின் மேடையில் ஒளிப்படத்துக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எங்களிடம் உள்ள ஒரு படத்தைச் சொன்னால் விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன், இந்நகரத் தமிழர் கடைத்தெரு என்றழைக்கும் லெபோ பாசாரில், மாலை கட்டும் முதியவர் ஒருவரை ஒரு முற்பகல் முழுதும் படம் எடுத்தோம். ஏறத்தாழ 200 படங்கள். விரலும் நாரும் மல்லிகையும் துல்லியமாக விழுந்தன. மாலையின் இரு நுனிகளையும் சேர்த்து அவர் ஒரு முடிச்சுப் போட்டார். அதற்கு ஒரு பெயரும் சொன்னார். நாங்கள் குறித்துக்கொள்ளவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மறு ஆண்டு சென்றபோது அங்கே வேறு கடை இருந்தது. படத்தில் முடிச்சு இருக்கிறது, சொல் இல்லை.

ஆகவே இன்றைய பேச்சு, படம் எடுப்பதைப் பற்றியதன்று. அதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியது.

பினாங்கில் இக்கலைக்கு நெடிய வரலாறு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்சன், 1860களின் தொடக்கத்தில் பத்து மாதம் இத்தீவிலும் எதிர்க்கரையிலும் தங்கிப் படம் எடுத்தார். அது ஈரத்தகட்டுக் காலம். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். வெயில் கொளுத்தும் இடத்தில் அதற்கு உதவியாள் இன்றியமையாதவர். சீனப் பணியாளர்கள் இதைப் பேய்வித்தை என்று மறுத்துவிட, சென்னையிலிருந்து வந்த இருவரைப் பழக்கி அச்சிடவும் உதவவும் வைத்துக்கொண்டதாகத் தாம்சன் எழுதுகிறார். நம்மவர் கைபட்ட படங்கள் அவை. ஆயினும் சென்னை ஆட்கள் என்ற அளவிலேயே அவ்விருவரை நாம் அறிகிறோம்.

பெயர் கேளாமை பெரியோர்க்கும் நேர்ந்த பிழைதான். 1936-இல் கலிபோர்னியாவில் டொரோத்தியா லாங் எடுத்த, குழந்தைகளோடு அமர்ந்த தாயின் படம் உலகெங்கும் பரவிற்று. அத்தாயின் பெயரை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளிப்பட்டது 1978-இல்.

லாங் பணிபுரிந்த அரசு ஒளிப்படப் பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. கார்ல் மைடன்ஸ் என்னும் இளைஞர் பருத்தி விளையும் தென்மாநிலங்களுக்குப் புறப்பட்டு நின்றார். "பருத்தியைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஸ்ட்ரைக்கர் வினவினார். அதிகம் தெரியாது என்றார் இளைஞர். உடனே பயணச்சீட்டை நீக்கச் சொல்லிவிட்டு, இரவு வரை அவரை அமர்த்திப் பருத்தியைப் பற்றியே பேசினாராம். ஒரு நாள் தாமதமாயிற்று. ஆனால் சென்றவர் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து சென்றார்.

நமக்குப் பருத்தி, ஜார்ஜ் டவுன். 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், பினாங்கு வீதியின் செட்டியார் கிட்டங்கிகள் ஆகியவற்றைச் சுற்றுலா ஏடுகளும் சொல்லும். 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்ததும் யாவரும் அறிந்ததே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் பழைய வீடுகளின் வாடகை ஏறியதையும், தலைமுறைகளாகக் குடியிருந்தோரும் சிறுதொழிலோரும் வெளியேற நேர்ந்ததையும் எத்தனை மாணவர் அறிவர்? அதை அறியாதவனுக்குச் சாத்திய கதவு வெறும் அழகிய கதவாகவே தெரியும். வண்ணம் உரிந்த சுவர்களின் படங்கள் நம்மிடம் வேண்டிய மட்டும் உள்ளன. போர்க்காலப் பினாங்கை அறிய ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையும் படியுங்கள். நாவலும் களப்பணிக்கு முன்படிப்புத்தான்.

படித்தபின் வெறுங்கையோடு நடக்க வேண்டும். கடை திறக்கும் வேளை, சரக்கு இறங்கும் வேளை, முதலாளி ஓய்ந்திருக்கும் வேளை மூன்றையும் அறிந்தபின்தான் பேச்சுக் கொடுக்க இயலும். ஒளியையும் அப்போதே கணித்துக்கொள்ளலாம். நம் கடிகாரம் சூரியனை முந்தி ஓடுவதால் இங்கே உச்சிவேளை பிற்பகல் 1.15 அளவில்தான். அந்நேரம் தெரு வெளுத்தும் அஞ்சடி இருண்டும் கிடக்கும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முயல்வது வீண். காலை எட்டு மணியின் சாய்வெயில் அஞ்சடிக்குள் புகும் தெருக்கள் எவை என்று குறித்து வையுங்கள்.

எந்த லென்ஸ் என்று மாணவர் கேட்பர். இருப்பது போதும். மாற்று பேட்டரி, மாற்று நினைவட்டை, மழைக்கு ஒரு பை, இவை மறவாதீர்.

தைப்பூசத்துக்கோ ஆயத்தம் கூடுதல். விடியலில் பினாங்கு வீதியிலிருந்து புறப்படும் வெள்ளித்தேர் 1894-ஆம் ஆண்டினது. 2017 முதல் தங்கத்தேரும் வருகிறது. வழிநெடுகச் சீனரும் தேங்காய் உடைப்பர். எங்கே நிற்பது, எங்கே ஒதுங்குவது என்பதை முன்னாளே பார்த்து வையுங்கள். அலகு குத்தும் தருணத்தில் காவடியாளரிடம் ஒப்புதல் கேட்பது முறையன்று. முதல் நாளே குடும்பத்தாரிடம் கேளுங்கள். வேண்டா என்றால் அத்துடன் நிறுத்துங்கள். குழந்தைகளாயின் பெற்றோரைக் கேளாமல் எடுக்கவே வேண்டா.

குறிப்பேடு கருவிக்கு இணையானது. பெயர், நாள், தெரு. பிறகு அவர் கையாளும் பொருளுக்கு அவரே வழங்கும் சொல். அது மலாய்ச் சொல்லோ ஹொக்கியன் சொல்லோ ஆயினும் திருத்தாமல் எழுதுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அச்சிட்ட படம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அம்முறைதான் பெரும்பாலும் உண்மையான பேச்சுத் தொடங்குகிறது.

அந்த மாலைக்காரர் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, வாயிலருகே மேசைமீது வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு தாளும் எழுதுகோலும் உள்ளன. அவரை அறிந்தவரோ, அம்முடிச்சின் பெயர் தெரிந்தவரோ இங்கே இருந்தால், செல்லுமுன் எழுதிவிட்டுப் போங்கள். வீட்டில் பாட்டிமாரையும் கேட்டு வாருங்கள்; அடுத்த சொற்பொழிவு நாளிலும் அந்தத் தாள் அங்கேயே இருக்கும்.